பண்ணை வேலைக்கும் கால்நடைப் பராமரிப்புக்கும் திறன் தரநிலை எழுதிப் பயிற்சி நடத்துவது எப்படி?

"கறப்பதற்கு முன் மடியை நன்கு சுத்தம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்." பயிற்சிக் கையேடுகளில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் இதை வைத்து ஒருவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று முடிவு செய்ய முடியாது. நன்கு என்றால் எவ்வளவு? எதால் துடைக்க வேண்டும்? எவ்வளவு நேரத்துக்குள்? சுத்தமாகிவிட்டது என்று யார், எப்படிப் பார்த்துச் சொல்வது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நடக்கும் பயிற்சியில் சான்றிதழ் கிடைக்கும், மடிநோய் குறையாது.

திறன் தரநிலை என்பது இந்தக் கேள்விகளுக்கான எழுத்துப்பூர்வமான பதில். ஒரு வேலையை எந்தச் சூழலில், எந்த அளவுக்குச் செய்தால் 'இவருக்குக் கை வந்துவிட்டது' என்று சொல்லலாம் என்பதை அது வரையறுக்கிறது. பாடத்திட்டம் வேறு. அது எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றியது. முதலில் தரநிலை, அதிலிருந்து மதிப்பீடு, கடைசியில்தான் பாடத்திட்டம். பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கையில் இருக்கும் புத்தகத்தை வைத்துப் பாடம் அமைத்து, பாடத்திலிருந்து கேள்வித்தாள் எடுத்து, அதில் தேறியவரைத் திறனாளர் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பயிற்சி மையம் நடத்துபவர்கள், பெரிய பண்ணைகளின் மேலாளர்கள், விலங்குக் காப்பகங்கள், உற்பத்தியாளர் குழுக்கள் என இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் எல்லோருக்குமான வழிமுறை இது.

படி 1: யாருக்காக எழுதுகிறீர்கள்?

'கால்நடைப் பராமரிப்பாளர்' என்ற ஒரே பெயருக்குள் பல தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டைப் பார்த்தால் இது புரியும். கால்நடை, பால் உற்பத்தியாளர்கள் 6-ஆம் பெரும்பிரிவில் வருகிறார்கள். கால்நடைப் பண்ணையின் உடலுழைப்புத் தொழிலாளர்கள் 9-ஆம் பிரிவில். செல்லப்பிராணிகளைப் பராமரிப்பவர்கள் 5-ஆம் பிரிவில். கால்நடை மருத்துவ உதவியாளர்கள் 3-ஆம் பிரிவில். நான்கு பேரும் தொடுவது விலங்கைத்தான், ஆனால் எடுக்கும் முடிவுகளும் சுமக்கும் பொறுப்பும் வேறு வேறு.

எனவே முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதிவிடுங்கள்: இவர் என்ன வேலை செய்வார், யாருடைய மேற்பார்வையில் செய்வார், எந்த முடிவைத் தானே எடுக்கலாம். பிறகு வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

வெற்றுத்தாளில் தொடங்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் வேளாண்மை, தோட்டக்கலை, இயற்கைவளப் பாதுகாப்புக்கு ஒரு தேசியப் பயிற்சித் தொகுப்பும், விலங்குப் பராமரிப்புக்குத் தனியாக இன்னொரு தொகுப்பும் இருக்கின்றன. பிரிட்டனில் நிலம் சார்ந்த தொழில்களுக்கான திறன் அமைப்பாக லான்ட்ரா இயங்குகிறது. இந்தியாவில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வேளாண் துறைக்கெனத் தனித் திறன் கவுன்சில் இருக்கிறது. ஜெர்மனியில் விவசாயியாவதே முறையான தொழிற்கல்விதான். மூன்றாண்டு, பண்ணையில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமுமாகப் போகும்.

இவற்றில் ஆஸ்திரேலிய அமைப்பு முறை எழுதுபவருக்கு மிகவும் உதவும் என்பது என் கருத்து. ஒவ்வொரு அலகிலும், அதாவது ஒரு வேலைக்கென எழுதிய தனித் தரநிலையிலும், பணிக்கூறுகள், செயல் அளவுகோல்கள், செய்து காட்ட வேண்டியவை, தெரிந்திருக்க வேண்டியவை, மதிப்பீடு நடக்க வேண்டிய சூழல் என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் வரிகளை அப்படியே எடுத்தால் மட்டும் சரிவராது. ஆயிரம் மாடுகளுக்கு எழுதிய அளவுகோல் பத்து மாட்டுத் தொழுவத்துக்குப் பொருந்தாது.

படி 3: வேலை செய்பவர்களிடம் கேளுங்கள், பிறகு போய்ப் பாருங்கள்

1960-களின் பிற்பகுதியில் கனடாவில் உருவான டேக்கம் என்ற முறை இன்றும் பயன்படுகிறது. அதன் அடிப்படை எளிது: ஒரு வேலையை அதைத் திறமையாகச் செய்பவர்தான் சரியாக விவரிக்க முடியும். ஏழெட்டுத் தேர்ந்த பணியாளர்களை ஒன்றிரண்டு நாள் உட்கார வைத்து, அவர்கள் செய்யும் ஒவ்வொரு பணியையும் சிறு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, சேர்த்துப் பிரித்து ஒழுங்குபடுத்துவார்கள். பேராசிரியர்களும் அதிகாரிகளும் கேட்கலாம், நடுவில் பேசக்கூடாது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். தேர்ந்த கைகளுக்குத் தாங்கள் செய்வதில் பாதி நினைவிலேயே இருக்காது. தொழுவத்துக்குள் நுழைந்ததும் எந்த மாடு எழுந்திருக்கவில்லை, எது தீவனத்தைத் தொடவில்லை, எதன் காது தொங்குகிறது என்று ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள். கேட்டால் "சும்மா பார்த்தேன்" என்பார்கள். அந்த 'சும்மா பார்ப்பது'தான் இந்தத் தொழிலின் விலைமதிப்பற்ற திறன். அதிகாலைக் கறவையின்போதும், கன்று போடும் இரவிலும் அவர்கள் பக்கத்தில் நின்று, "இப்போது எதைப் பார்த்தீர்கள்? எதனால் அங்கே போனீர்கள்?" என்று அந்த நொடியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: தரநிலையை எழுதுங்கள்

வழிகாட்டியின் இதயமே இந்தப் படிதான். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கும்படியோ அளக்கும்படியோ இருக்க வேண்டும். 'அறிதல்', 'புரிதல்', 'விழிப்புணர்வு பெறுதல்' போன்ற சொற்களுக்குச் செயல் அளவுகோலில் இடமில்லை. கறவை அலகின் மாதிரி இது:

- ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புப் பரப்புள்ள கிண்ணத்தில் பீய்ச்சி, திரிந்த பால் கட்டியோ நீர்த்த தன்மையோ ரத்தமோ இருக்கிறதா என்று பார்க்கிறார்.
- ஒரு மாட்டுக்கு ஒரு துணி அல்லது தாள் பயன்படுத்துகிறார். துடைத்த பின் காம்பு நுனியை வெள்ளைத் துணியால் ஒற்றினால் அழுக்கு ஒட்டவில்லை.
- காம்பைத் தொட்டுத் தூண்டியதிலிருந்து 1 முதல் 2 நிமிடங்களுக்குள் கறவையைத் தொடங்குகிறார்.
- இயந்திரமாக இருந்தால், வெற்றிடத்தை நிறுத்திய பிறகே குழல்களைக் கழற்றுகிறார்.
- கறந்து முடித்ததும் நான்கு காம்புகளையும் கிருமிநாசினிக் கரைசலில் முக்குகிறார்.
- மடிநோய் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறந்து, அதன் பாலைத் தனியே பிரிக்கிறார்.
- வேலை முழுவதும் மாட்டை அதட்டாமல், அடிக்காமல் கையாள்கிறார்.

கடைசி வரி அன்பு பற்றிய உபதேசம் என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம். காம்பைத் தொட்டதும் சுரக்கும் ஆக்சிடோசின்தான் பாலை இறக்குகிறது. அந்த வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும், அதனால்தான் மேலே நேரக் கணக்கு. மாடு பயந்தால் அட்ரினலின் குறுக்கே வந்து பால் இறங்குவதைத் தடுக்கும். மடியில் தங்கும் பால் விளைச்சலையும் குறைக்கும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். அதேபோல, கறந்த பிறகு காம்புத் துவாரம் முழுதாக மூடச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்காமலிருக்க அந்த நேரத்தில் தீவனம் வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு அளவுகோலுக்கும் பின்னால் இருக்கும் காரணம், அலகின் 'தெரிந்திருக்க வேண்டியவை' பகுதிக்குப் போகும். நலமாகத் தெரியும் மடியிலும் மறைமுக மடிநோய் இருக்கலாம், பாலில் ஒரு மில்லி லிட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் உடல் செல்கள் (மடியில் தொற்று வந்தால் பெருகும் வெள்ளணுக்கள் போன்றவை) இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதும் அங்கேதான் வரும்.

அடுத்து, சூழல். ஒரே சாதுவான மாட்டை ஒரு முறை கறந்து காட்டினால் போதாது. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு மாடுகளில், அதில் ஒன்றாவது தலையீற்றுக் கிடேரியாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். முதல் கன்று போட்ட கிடேரி உதைக்கும், அங்கேதான் கறப்பவரின் பொறுமையும் கைப்பக்குவமும் தெரியும்.

பயிர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று. 'தெளிப்பானைச் சரியாக அளவமைக்கத் தெரியும்' என்பதை எப்படி எழுதுவது? 100 சதுர மீட்டரை அளந்து கட்டி, வெறும் தண்ணீரைத் தன் வழக்கமான நடையில் தெளித்து, செலவான நீரை அளந்து, அதை 100-ஆல் பெருக்கி ஹெக்டேர் கணக்கைச் சொல்ல வேண்டும். 5 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 500 லிட்டர். அப்படியானால் 15 லிட்டர் டேங்க் 300 சதுர மீட்டருக்குப் போதும். மருந்துச் சீட்டில் ஹெக்டேருக்கு 1 லிட்டர் என்று போட்டிருந்தால், அந்த டேங்குக்கு 30 மில்லி. மெதுவாக நடக்கும் இன்னொருவருக்கு அதே இடத்தில் 7 லிட்டர் செலவாகும், அவருடைய டேங்குக்கு 21 மில்லிதான். ஒரே தெளிப்பான், ஒரே மருந்து, ஆள் மாறினால் அளவும் மாறுகிறது. "டேங்குக்கு இரண்டு மூடி" என்ற வாய்க்கணக்கு ஏன் தவறு என்பதைப் பயிற்சி பெறுபவர் தன் நடையிலேயே கண்டுகொள்வார். கூடவே, நாசிலின் (தெளிப்பு முனையின்) வெளியேற்றம் புதிய நாசிலைவிட 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கவனிக்கும் திறனையும் அளக்க முடியும். மாட்டின் உடல்நிலை மதிப்பெண்ணை 1 முதல் 5 வரை போடும் முறை இருக்கிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, வால் அடிப் பள்ளம் ஆகியவற்றைப் பார்த்தும் தொட்டும் போட வேண்டும். பத்து மாடுகளைக் காட்டி, எட்டிலாவது பயிற்சி பெறுபவரின் மதிப்பெண் மதிப்பீட்டாளருடையதிலிருந்து அரைப் புள்ளிக்கு மேல் விலகக்கூடாது என்று வையுங்கள். 'சும்மா பார்ப்பது' தரநிலைக்குள் வந்துவிடும்.

படி 5: எதைச் செய்யக்கூடாது என்பதையும் எழுதுங்கள்

நான் பார்த்த அலகுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான், ஆபத்தும் இதில்தான் அதிகம். நோய் கண்டறிவது, மருந்து பரிந்துரைப்பது, அறுவை செய்வது ஆகியவை கால்நடை மருத்துவருக்கு உரியவை. ஊசி போடுவது, கொம்பு சுடுவது, காயடிப்பது போன்றவற்றில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் நாட்டின் கால்நடை மருத்துவச் சட்டத்தைப் பார்த்து, இந்தப் பணியாளர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அலகிலேயே எழுதுங்கள். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு தானாகவே ஆன்டிபயாடிக் போடுபவர் ஒரு மாட்டுக்கு மட்டும் கெடுதல் செய்வதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடுகிறார்.

அதற்குப் பதிலாக, மருத்துவரிடம் தகவல் சொல்லும் திறனை ஓர் அளவுகோலாக வையுங்கள். காய்ச்சல் எவ்வளவு, எப்போதிருந்து, கடைசியாக எப்போது தின்றது, சாணம் எப்படி, சினையா என்பதைத் தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் சொல்லத் தெரிந்த பணியாளர் பண்ணைக்குப் பெரிய பலம். மருந்து போட்ட பிறகு பாலையோ இறைச்சியையோ எத்தனை நாள் விற்கக்கூடாது என்பதைப் பதிவேட்டில் எழுதி, அந்த மாட்டுக்கு அடையாளம் கட்டுவதும் இங்கே சேரும்.

படி 6: உயிர் போகும் இடங்களைப் பிரித்து வையுங்கள்

சில தவறுகளுக்கு மதிப்பெண் குறைத்தால் போதாது, அந்த நொடியே மதிப்பீட்டை நிறுத்த வேண்டும். டிராக்டரின் விசையை அதில் இணைத்த கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். உறை இல்லாத தண்டின் அருகே தொளதொளச் சட்டையுடன் போகும் ஒருவர் மற்ற எல்லாவற்றிலும் சிறந்து விளங்கினாலும் தேறக்கூடாது. சாணக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாகும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும், "நாற்றம் இல்லையே" என்று இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். எனவே 'இறங்காமல் உதவி அழைக்கிறார்' என்பது கட்டாய அளவுகோல். மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய்க்கான தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், ஊசி கையில் குத்தினால் மனிதருக்கே நோய் வரலாம். மூடியைத் திரும்ப மாட்டாமல் ஊசியை அப்புறப்படுத்துவதும் இதே பட்டியலில் வரும்.

வயதும் முக்கியம். வேளாண்மையில் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஆபத்தான வேலைகளுக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது. தகுந்த பயிற்சியும் முழுப் பாதுகாப்பும் இருந்தால் 16 வயதிலிருந்து அனுமதிக்க நாடுகளுக்கு இடம் தருகிறது. இளம் வயதினரைச் சேர்க்கும் மையங்கள் சேர்க்கைக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

சில வேலைகளுக்குச் சட்டமே சான்றிதழ் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பூச்சிக்கொல்லியைத் தொழில்முறையாகப் பயன்படுத்துபவர்களுக்குப் பயிற்சிச் சான்று வேண்டும் (2009-ஆம் ஆண்டு நெறிமுறை), நெடுந்தூரம் கால்நடைகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கும் வேண்டும். உங்கள் இடத்தில் எது கட்டாயம் என்று விசாரித்து, அந்த அலகுகளை முதலில் எழுதுங்கள்.

படி 7: பயிற்சியைப் பருவத்தோடு பொருத்துங்கள்

விதைப்பும் கன்று ஈனுவதும் பாடவேளைக்குக் காத்திருக்காது. தேதி வைத்துப் பாடம் போடுவதைவிட, பண்ணையின் ஆண்டு நாள்காட்டியைச் சுவரில் மாட்டி, எந்த வேலை எந்த வாரம் வருகிறதோ அதன் பக்கத்தில் அலகை எழுதுங்கள். மூன்று மாதப் பயிற்சியில் ஒரு பருவத்தை முழுதாகப் பார்க்க முடியாது. எனவே குறுகிய பயிற்சியில் எதை விடுகிறோம் என்பதைச் சான்றிதழிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பிறந்த கன்றுக்குச் சீம்பால் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றின் எடையில் சுமார் 10 சதவீதம் சீம்பால் முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். நேரம் ஆக ஆக எதிர்ப்புப் புரதங்களைக் குடல் உள்வாங்குவது குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடும். சீம்பாலின் அடர்த்தியை அளக்கும் பிரிக்ஸ் மானியில் 22 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். பாடம் இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் கன்று பெரும்பாலும் யாரும் இல்லாத நேரத்தில்தான் பிறக்கும். இரவு முறை வேலையில் பயிற்சி பெறுபவர்கள் மாறி மாறி இருக்கும்படி அமைத்தால்தான் இந்தத் திறன் வரும்.

பயிற்சிக்குப் பயன்படும் விலங்குகளையும் நினைக்க வேண்டும். விலங்கு நலத்தின் 'ஐந்து சுதந்திரங்கள்' 1965-இல் பிரிட்டனில் வந்த பிராம்பெல் அறிக்கையிலிருந்து வளர்ந்தவை. பசி தாகம், அசௌகரியம், வலி நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பாக நடந்துகொள்ளும் உரிமையும். பயிற்சிக் கூடம் இதற்கு விதிவிலக்கல்ல. சினைப் பரிசோதனையை முதலில் மாதிரி உருவத்தில் பழகட்டும், பிறகு மாட்டில், அதுவும் ஒரு மாட்டை ஒரே நாளில் வரிசையாகப் பலர் தொடாமல். குளம்பு சீவுவதை இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் கால்களில் பழகலாம். வளர்ந்த ஹோல்ஸ்டீன் இனக் கறவை மாட்டின் குளம்பு முன்சுவர் சுமார் 7.5 செ.மீ.-க்குக் கீழே குறையக்கூடாது, குறைந்தால் ரத்தம் வரும். உயிரற்ற காலில் பலமுறை அளந்து சீவிக் கை பழகிய பிறகு உயிருள்ள மாட்டின் காலைத் தூக்குவதே நியாயம்.

படி 8: மதிப்பீடு

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் சொன்ன நான்கு நிலைகள் இங்கே அப்படியே பொருந்தும்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுகிறார், அன்றாடம் செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டைத்தான் தொடும். செயல்முறைத் தேர்வு மூன்றாவதை. நான்காவதைப் பிடிக்க வேலையிடத்துக்கே போக வேண்டும், பணிப்பதிவேட்டைப் பார்க்க வேண்டும், மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும்.

சேரும் ஆதாரங்களை நான்கு கேள்விகளால் சலியுங்கள். இந்தத் திறனைத்தான் காட்டுகிறதா? போதுமான அளவு இருக்கிறதா? இவரே செய்ததுதானா? அண்மைக்காலத்தியதா? பல ஆண்டுகளுக்கு முன் கருவூட்டல் செய்தவர் இன்றும் செய்வார் என்று சொல்ல முடியாது.

சின்ன வயதிலிருந்து பண்ணையில் உழைத்தவரை மீண்டும் முதல் பாடத்தில் உட்கார வைப்பது அவரை அவமதிப்பது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை அவர்களுக்காகத்தான். நேராக வேலையிடத்தில் மதிப்பிட்டு, தெரிந்த அலகுகளுக்குச் சான்று கொடுத்து, தெரியாததை மட்டும் சொல்லிக்கொடுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவரிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். ஆனால் மருந்துச் சீட்டில் அளவைப் படிப்பது வேலையின் பகுதி என்றால் அதற்கு விலக்குத் தர முடியாது, அதற்கான உதவியைப் பயிற்சியில் கொடுக்க வேண்டும். முடிவு 'தேர்ச்சி', 'தோல்வி' என்று இருக்க வேண்டாம். 'திறன் பெற்றார்', 'இன்னும் பெறவில்லை' என்று எழுதி, எந்த அளவுகோலில் குறை என்பதையும் காட்டினால் அடுத்த முறை எதைப் பழக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

படி 9: மதிப்பீட்டாளர்களை ஒத்திசையுங்கள், தரநிலையைப் புதுப்பியுங்கள்

ஒருவர் கண்டிப்பு, இன்னொருவர் இளகிய மனம் என்றிருந்தால் தரநிலைக்கு அர்த்தமில்லை. இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்கள் ஒரே நபரின் வேலையைத் தனித்தனியே பார்த்து மதிப்பிட்டு, எங்கே வேறுபட்டார்கள் என்று பேசட்டும். பெரும்பாலும் வேறுபாட்டுக்குக் காரணம் ஆள் அல்ல, தெளிவில்லாமல் எழுதப்பட்ட ஒரு வரி. அந்த வரியைத் திருத்துங்கள். பயிற்றுநரே தன் மாணவரை மதிப்பிடாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆள் பற்றாக்குறை என்றால் இறுதி மதிப்பீட்டுக்கு மட்டுமாவது வெளியிலிருந்து ஒருவரை அழையுங்கள்.

மறுபார்வைக்கு ஒரு தேதியை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அதற்குக் காத்திராமல் உடனே திருத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு: மருந்து ஒன்று தடை செய்யப்பட்டால், கறவை இயந்திரம் மாறினால், சட்டம் மாறினால், விபத்து நடந்தால். முன்பு சான்று பெற்றவர்களின் பட்டியல் கையில் இருந்தால், மாறிய அளவுகோலை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, மாறிய அலகை மட்டும் திரும்ப மதிப்பிட்டால் போதும். அந்தப் பட்டியலில் பெயர், அலகு, மதிப்பிட்ட நாள், எந்தப் பதிப்புத் தரநிலை என்ற நான்கும் இருக்கட்டும்.